தாய்ப்பால் பெருக மூலிகை மாத்திரை எடுக்கலாமா? எது, எப்போது?

வெண்பறவை

எல்லோருக்கும் வணக்கம். மகன் பிறந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. முதல் குழந்தை. பகலில் ஓரளவு குடித்துவிட்டுத் தூங்குகிறான். சாயங்காலம் ஆனதும் மார்பை விடவே மாட்டேன் என்கிறான். எடுத்தால் அழுகை, கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் தூக்கம், மறுபடி அழுகை. முதல் வாரத்தில் பால் கட்டிக்கொண்டு கல்லாக இருந்த மார்பு இப்போது மெத்தென்று ஆகிவிட்டது. பம்ப் வைத்துப் பார்த்தால் புட்டியின் அடிகூட நிறைவதில்லை. பால் வற்றுகிறதோ என்று பயமாக இருக்கிறது.

வெந்தயம், சதாவரி, முருங்கை, சோம்பு எல்லாம் சேர்ந்த காப்ஸ்யூல் ஒன்று பார்த்தேன். முழுக்க இயற்கை, பக்கவிளைவே இல்லை என்று போட்டிருக்கிறது. யாராவது எடுத்திருக்கிறீர்களா? பலன் தெரிந்ததா? எனக்குத் தைராய்டு குறைபாடு உண்டு, தினமும் மாத்திரை போடுகிறேன். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தோழிகளே.

மழைச்சாரல்

வாழ்த்துகள் தோழி. இரண்டாவது குழந்தைக்கு நான் வெந்தயக் காப்ஸ்யூல் எடுத்தேன். சில நாட்களிலேயே பால் கூடியது போலத்தான் இருந்தது, பம்பிலும் தெரிந்தது. என் வியர்வையில் ஒரு இனிப்பு வாசனை வரும், பயப்படாதீர்கள். ஆனால் வயிறு படுத்தியது. எனக்கு வயிற்றுப்போக்கு, குழந்தைக்கு ஒரே வாயு. அளவைக் குறைத்த பிறகு சரியானது. தைராய்டு பற்றி எனக்குத் தெரியாது, மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

இளவேனில்

வெண்பறவை, நான் தாய்ப்பால் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். எந்த மாத்திரை என்று சொல்வதற்கு முன் சில கேள்விகள். இருபத்துநான்கு மணி நேரத்தில் எத்தனை டயப்பர் நன்றாக நனைகிறது? மலம் என்ன நிறம், எத்தனை முறை? பிறந்தபோது என்ன எடை, இப்போது என்ன எடை? ஒரு நாளைக்கு எத்தனை முறை பால் கொடுக்கிறீர்கள், இரவு சேர்த்து? குடிக்கும்போது விழுங்கும் சத்தம் கேட்கிறதா? கொடுக்கும்போது காம்பு வலிக்கிறதா?

நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயம் பால் குறைந்ததற்கான அடையாளமே இல்லை. மார்பு மெத்தென்று ஆவது இயல்பு. தொடக்கத்தில் தேவைக்கு மேல் ஊறும், கூடவே வீக்கமும் இருக்கும். சில வாரங்களில் குழந்தை குடிக்கும் அளவுக்கு உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும். சாயங்காலத்தில் அடுத்தடுத்துக் கேட்பதும் இந்த வயதில் சகஜம். இரண்டு மூன்று வாரத்திலும் ஆறாவது வாரத்தையொட்டியும் பல குழந்தைகள் இப்படிச் செய்வார்கள்.

பம்பில் வரும் அளவை வைத்தும் முடிவுக்கு வராதீர்கள். நன்றாக வாய்வைத்துக் குடிக்கும் குழந்தை எடுக்கிற அளவை எந்தப் பம்பும் எடுப்பதில்லை. பால் கொடுத்து முடித்த கையோடு பம்ப் செய்தால் கொஞ்சம்தான் வரும். பயத்தோடு உட்கார்ந்தால் பால் இறங்குவதே தாமதமாகும், பாலை இறக்கிவிடும் ஆக்ஸிடோசின் அப்படிப்பட்ட ஹார்மோன்.

எடையும் டயப்பரும்தான் நம்பகமான சாட்சி. பிறந்த முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் இறங்கும். பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் பிறந்த எடை திரும்ப வந்துவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதம் தினமும் சராசரியாக 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினமும் ஆறு டயப்பராவது நன்றாக நனைய வேண்டும், மலம் மஞ்சளாக இருக்க வேண்டும். குழந்தை எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தால், சிறுநீர் அடர்நிறமாக இருந்தால், இங்கே பதிலுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

வெண்பறவை

நன்றி அக்கா. டயப்பர் ஐந்து, ஆறு நனைகிறது. மலம் மஞ்சள்தான். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு எடை பார்க்கவே இல்லை. பகலில் அவன் அழும்போது கொடுக்கிறேன், ஆறு ஏழு முறை இருக்கும். இரவில் எழுப்புவதில்லை. காம்பு வலிக்கிறது, குறிப்பாக இடது பக்கம். குடித்து முடித்ததும் காம்பு ஒரு பக்கம் சப்பையாக நசுங்கியிருக்கும். தொடக்கத்தில் எல்லோருக்கும் வலிக்கும் என்றார்கள், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நெடுவழி

நான் மருந்தாளுநர். மூலிகையால் பலன் தெரிந்ததா என்று வெண்பறவை கேட்டதால், அதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று தெரிந்ததைச் சொல்கிறேன்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2020இல் நிறைமாதக் குழந்தைகளின் தாய்மார்களிடம் பால் பெருக்கும் மருந்துகளையும் மூலிகைகளையும் சோதித்த 41 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மொத்தம் 3005 தாய்மார்கள். மூலிகைகள் பாலின் அளவையும் குழந்தையின் எடையையும் கூட்டக்கூடும், ஆனால் அந்த ஆதாரத்தின் உறுதி மிக மிகக் குறைவு என்பதுதான் அவர்கள் வந்த முடிவு. எந்த மூலிகை மற்றொன்றைவிட மேல் என்று சொல்லவும் முடியவில்லை. ஆய்வுகள் சின்னச் சின்னவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில், ஒவ்வொரு முறையில் நடந்தவை.

இரண்டு எடுத்துக்காட்டு தருகிறேன், ஏன் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும் என்பது புரியும். துருக்கியில் 66 தாய்-சேய் இணைகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வு வெந்தயத்துக்கு ஆதரவாக எல்லா இடத்திலும் காட்டப்படுகிறது. மூலிகைத் தேநீர் குடித்த தாய்மார்களின் குழந்தைகள் பிறந்த எடைக்குச் சீக்கிரம் திரும்பினார்கள், அது உண்மை. ஆனால் அந்தத் தேநீரில் வெந்தயம் மட்டும் இல்லை, சோம்பும் கோட்ஸ் ரூ என்ற செடியும் இன்னும் சிலவும் இருந்தன. அளந்ததும் பிறந்த முதல் சில நாட்களில். அப்போது எல்லாத் தாய்க்கும் பால் தானாகவே கூடுகிற நேரம்.

அடுத்தது, பெரு நாட்டில் 50 தாய்மார்களிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வு. மில்க் திசில் செடியிலிருந்து எடுத்த சிலிமரினை 63 நாட்கள் கொடுத்தார்கள். பால் ஏறத்தாழ 86 விழுக்காடு கூடியது. எல்லோரும் இந்த எண்ணை மட்டும்தான் சொல்வார்கள். மூலிகையே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் 32 விழுக்காடு கூடியிருந்தது! வெறும் மாத்திரை எடுத்த தாயைக் கேட்டிருந்தால் அவரும் மனதாரச் சொல்லியிருப்பார், இந்த மருந்து எனக்குக் கைகொடுத்தது என்று. மழைச்சாரல் சொன்னதை நான் மறுக்கவில்லை. வெந்தயம் அவருக்கு உண்மையிலேயே உதவியிருக்கலாம். ஆனால் 'எனக்குப் பலித்தது' என்ற ஒன்றை வைத்து மூலிகையையும் காலத்தையும் கவனிப்பையும் பிரித்துச் சொல்ல முடியாது.

தும்பைப்பூ

நெடுவழி சொல்வது சரி என்றாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நான் மூலிகை மருத்துவம் படித்தவள். ஆதாரம் குறைவு என்றால் பலன் இல்லை என்று பொருள் அல்ல. யார் வேண்டுமானாலும் வளர்க்கக்கூடிய ஒரு செடிக்கு ஆயிரக்கணக்கான தாய்மார்களை வைத்து ஆய்வு நடத்த யார் பணம் போடுவார்கள்? உலகத்தில் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத மக்கள் தனித்தனியே பால் சுரப்புக்கென்று செடிகளைத் தேடி வைத்திருக்கிறார்கள். சுமத்ராவின் பத்தாக் மக்கள் பிரசவித்த பெண்ணுக்குத் தோர்பாங்குன் கீரை கொடுக்கிறார்கள், நாம் கற்பூரவல்லி என்கிறோமே அதே செடி. பிலிப்பைன்ஸில் முருங்கை. இரண்டையும் சோதித்த சிறிய ஆய்வுகளில் நல்ல விளைவுதான் தெரிந்தது.

மருந்துக் கடை மாத்திரை மட்டும் பத்திரமா? வாந்திக்கான டொம்பெரிடோன் மாத்திரையைப் பால் பெருக எழுதிக்கொடுப்பது பல இடங்களில் உண்டு. இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும் என்பதால் பால் சுரப்புக்காக அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் எச்சரித்தது. அதோடு ஒப்பிட்டால் கீரையாகவோ பொடியாகவோ உணவளவில் சாப்பிடுவதில் எனக்கு அச்சமில்லை. பெற்றவளுக்குச் சத்தும் வேண்டும், யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற தெம்பும் வேண்டும். அந்தத் தெம்பில்கூடப் பால் இறங்கும்.

நெடுவழி

தும்பைப்பூ, உணவளவு என்று நீங்கள் போட்ட எல்லையோடு முழுக்க உடன்படுகிறேன். முருங்கைக்கீரையை யார் வேண்டாம் என்பார்கள்? என் கவலை காப்ஸ்யூலும் அடர்சாறும்தான். சமையலில் ஒரு வேளைக்குச் சிட்டிகை போடுவதும், அதையே செறிவாக்கிக் கிராம் கணக்கில் தினமும் விழுங்குவதும் ஒன்றல்ல.

செடிக்கு வீரியம் உண்டு என்பதால்தான் கவனம் வேண்டும் என்கிறேன். நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் எப்படி வந்தது தெரியுமா? கோட்ஸ் ரூ செடியில் இருக்கும் கலேஜின் என்ற பொருளைத் தொடர்ந்து போன ஆராய்ச்சியில் பிறந்தது. பால் பெருக்கும் கலவைகளில் அந்தச் செடியும் இருக்கும். இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை அதற்கும் உண்டு, வெந்தயத்துக்கும் உண்டு. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிடலாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் வெந்தயக் காப்ஸ்யூலைத் தொடவே வேண்டாம். வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை இருப்பவர்களுக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், மூன்றும் ஒரே குடும்பம். மறுபடி கருவுற்றிருந்தால் மருந்தளவு வெந்தயம் கூடாது.

1994இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பு என் மனதில் அப்படியே நிற்கிறது. அதிமதுரம், சோம்பு, சோம்பைப் போன்ற அனீஸ் விதை, கோட்ஸ் ரூ கலந்த தேநீரை இரண்டு தாய்மார்கள் தினமும் இரண்டு லிட்டருக்கு மேல் குடித்திருக்கிறார்கள், பால் பெருக வேண்டும் என்றுதான். இருவரின் பச்சைக் குழந்தைகளும் துவண்டு, அழுகை மெலிந்து, பால் இழுத்துக் குடிக்கத் தெம்பில்லாமல் போனார்கள். தாய்மார்கள் தேநீரை நிறுத்தியதும் ஒன்றரை நாளுக்குள் தெளிந்துவிட்டார்கள். தாய் குடித்தது பாலில் இறங்கும், குழந்தையின் எடைக்கு அது சின்ன அளவு அல்ல.

மழைச்சாரல் சொன்ன இனிப்பு வாசனை சொடோலோன் என்ற பொருளால் வருவது. குழந்தையின் சிறுநீரிலும் அதே வாசனை வரலாம். அதே மணம் ஒரு அரிய பிறவி வளர்சிதை நோயிலும் வரும் என்பதால், வெந்தயம் எடுப்பதைக் குழந்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று தரம். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்கள் இருந்தன. சுயேச்சையான ஆய்வகச் சோதனை நடந்திருப்பதாகச் சான்று இல்லாத புட்டியைப் பாலூட்டும் தாய் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நான்கைந்து செடி கலந்ததும் வேண்டாம். ஒத்துக்கொள்ளாமல் போனால் எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கருவிழி

இந்த இழையைப் படித்து மனசு கனத்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். எனக்குப் பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு உண்டு. மார்பில் பால் சுரக்கும் திசுவே குறைவாக வளர்ந்திருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது. கர்ப்ப காலத்தில் மார்பு கொஞ்சமும் பெரிதாகவில்லை, பிறந்த பிறகு பால் கட்டவும் இல்லை. அது ஒரு அடையாளமாம், யாரும் என்னிடம் கேட்கவில்லை. வெந்தயம், சதாவரி, ஓட்ஸ், சொன்னதெல்லாம் சாப்பிட்டேன். ஒவ்வொன்றும் பலிக்காமல் போகும்போது, நான்தான் சரியாக முயலவில்லை என்று நினைத்து அழுதேன்.

கடைசியில் கிடைத்த பாலைக் கொடுத்து, மீதிக்கு ஃபார்முலா கொடுத்தேன். கிடைத்த கொஞ்சமும் தாய்ப்பால்தான். மகள் நன்றாக இருக்கிறாள். சில உடம்பில் முழு அளவு சுரக்காது, எந்தச் செடியாலும் அதை மாற்ற முடியாது. அப்படி இருந்தால் அது உங்கள் குற்றமே அல்ல தோழி.

கடலோடி

அப்பா ஒருவன் எழுதலாமா? என் மனைவிக்குப் பிரசவத்தின்போது இரத்தப்போக்கு அதிகம். பால் நாட்கள் கழிந்தும் சரியாக வரவில்லை. சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொரு பொடி தந்தார்கள். நஞ்சுக்கொடியின் துண்டு ஒன்று உள்ளே தங்கியிருந்தது ஸ்கேனில் தெரிந்தது, அதை எடுத்த பிறகுதான் பால் ஊறத் தொடங்கியது. இரத்தப்போக்கு நிற்காமல் இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ பொடி தேடாதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

இளவேனில்

கடலோடி சொன்னது மிக முக்கியம். காரணங்கள் இன்னும் உண்டு. தைராய்டு கட்டுக்குள் இல்லாதது, முன்பு செய்த மார்பு அறுவை சிகிச்சை, ஈஸ்ட்ரோஜென் உள்ள கருத்தடை மாத்திரை. சளிக்குப் போடும் சில மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின்கூடப் பாலைக் குறைக்கும். சேஜ், பெப்பர்மிண்ட் இரண்டும் அதிக அளவில் எடுத்தால் குறைக்கும் என்று சொல்வதுண்டு, அவை கலந்த மூலிகைத் தேநீர் என்றால் பொருள்பட்டியலைப் பாருங்கள்.

இப்போது வெண்பறவைக்கு. உங்கள் பதிலைப் படித்ததும் எனக்கு உறுத்தியது இரண்டு. காம்பு நசுங்கி வெளியே வருவது, இரவு நீண்ட இடைவெளி. ஒரு பக்கம் மட்டும் கொடுத்துப் பழகிய தாய்மார்களைப் பார்த்திருப்பீர்கள். கொடுத்த பக்கம் நன்றாக ஊறும், மற்றது வற்றிவிடும். இரண்டு மார்புக்கும் போவது ஒரே இரத்தம், ஒரே ஹார்மோன். அப்படியிருந்தும் ஒன்று வற்றுகிறது என்றால், எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை அந்தந்த மார்பே, தன்னிலிருந்து எவ்வளவு பால் வெளியேறியது என்பதை வைத்துத் தீர்மானிக்கிறது. தேங்கினால் சுரப்பு தணியும், காலியானால் வேகம் பிடிக்கும். எந்த மூலிகை எடுத்தாலும் அது இரத்தம் வழியாகத்தான் மார்புக்கு வர வேண்டும். பால் வெளியேறாத மார்பில் மூலிகை மட்டும் என்ன செய்துவிடும்? தாய்ப்பால் மருத்துவத்துக்கான அகாடமி 2018இல் திருத்திய நெறிமுறையும் முதலில் காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யத்தான் சொல்கிறது, பால் பெருக்கிகள் அதற்குப் பிறகே.

ஆகவே நாளைக்கே எடை பாருங்கள். பால் கொடுப்பதை நேரில் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள், நாக்கின் அடியில் இருக்கும் சவ்வு இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை இரவு சேர்த்து எட்டு முதல் பன்னிரண்டு முறை கொடுங்கள். குழந்தை வாயை அகலத் திறந்த பிறகு, முகவாய் மார்பில் பதிய, காம்போடு அதைச் சுற்றிய கருவட்டமும் உள்ளே போகும்படி வையுங்கள். உறிஞ்சுவது மெதுவானால் மார்பை மெல்ல அழுத்திவிடுங்கள், பிறகு மறுபக்கம். உடையில்லாமல் மார்போடு அணைத்து வைத்திருப்பதும் உதவும்.

வெண்பறவை

எல்லோருக்கும் நன்றி. கருவிழி, உங்கள் பதிலைப் பலமுறை படித்தேன்.

எடை பார்த்தாயிற்று. பிறந்த எடையைத் தாண்டியிருக்கிறான், ஆனால் ஏற வேண்டிய அளவு ஏறவில்லை. மருத்துவர் பயப்பட வேண்டாம், ஆனால் விடவும் கூடாது என்றார். ஒரு செவிலியர் அருகில் உட்கார்ந்து பார்த்தார். காம்பின் நுனியை மட்டும்தான் கவ்விக்கொண்டிருக்கிறான். பிடித்த நிலையை மாற்றியதும் வலி பாதிக்கு மேல் குறைந்தது, முதல்முறையாக விழுங்கும் சத்தம் கேட்டது! நாக்கில் குறை இல்லை. இரவில் எழுப்பிக் கொடுக்கிறேன், கொடுத்து முடித்ததும் கொஞ்ச நேரம் பம்ப் செய்து அந்தப் பாலையும் ஊட்டுகிறேன். அடுத்த வாரம் மறுபடி எடை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கர்ப்ப காலத்தில் கூட்டிய தைராய்டு மாத்திரையை இன்னும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அங்கேதான் தெரிந்தது. இரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், இதோடு வெந்தயமும் எடுத்தால் தவறா?

நெடுவழி

உங்கள் நிலையில் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். வெந்தயம் அதிக அளவில் தைராய்டு ஹார்மோனைக் குறைப்பது விலங்குச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அதோடு வெந்தயத்தின் பசைபோன்ற நார்ச்சத்து, கூடவே விழுங்கும் மாத்திரைகள் உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தனியாக எடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு இந்த இரண்டும் தருவார்கள், பலர் எல்லாவற்றையும் ஒரே வேளையில் விழுங்கிவிடுகிறார்கள்.

தும்பைப்பூ

நானும் அதையே சொல்கிறேன். தைராய்டு அளவு நிலைக்கு வரட்டும். முருங்கைக்கீரையை வழக்கமான உணவாகச் சாப்பிடுங்கள், அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. பிறகும் ஏதாவது மூலிகை வேண்டும் என்று தோன்றினால், உங்கள் மருத்துவருக்குத் தெரியப்படுத்தி ஒரே ஒரு செடியை மட்டும் எடுங்கள்.

இளவேனில்

அப்படி எடுக்கும்போது தொடங்கிய தேதியைக் குறித்துவையுங்கள். குழந்தையின் எடை, டயப்பர், மலம், தூக்கம் நான்கையும் கவனியுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் நிறுத்திவிடலாம், அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். குழந்தைக்குத் தடிப்பு, வயிற்றுப்போக்கு, வழக்கத்துக்கு மாறான மயக்கம் வந்தால் அன்றே நிறுத்துங்கள். கொடுத்த பிறகு செய்யும் பம்பை எடை நன்றாக ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு வேளையாகக் குறைக்கலாம், ஒரேயடியாக விட்டால் பால் கட்டிக்கொள்ளும். அடுத்த வார எடையை இங்கே எழுதுங்கள் வெண்பறவை. இடது பக்கம் இன்னும் வலித்தால், எந்த நிலையில் பிடிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.